டாக்டரின் பழைய நோயாளிப் பதிவேடுகள்: எதை ஸ்கேன் செய்வது, எதை வெளியிடுவது?

கேள்வி: மறைந்த டாக்டர் ஒருவரின் வீட்டார், 1925 முதல் 1950 வரையிலான நோயாளிப் பதிவேடுகளையும் சில அச்சிட்ட சுகாதார அறிக்கைகளையும் எங்கள் நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். தாளைத் தானாக உள்ளே இழுக்கும் ஃபீடர் வைத்த ஆபீஸ் ஸ்கேனர் இருக்கிறது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிடலாமா?

பதில்: ஸ்கேன் செய்யலாம், ஆனால் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றக் கூடாது.

அச்சிட்ட அறிக்கைகளில் சிக்கல் குறைவு. பெரும்பாலும் எண்ணிக்கைதான் இருக்கும். மெனக்கெடுவதற்கு முன் ஒருமுறை தேடிப் பாருங்கள். பிரிட்டிஷ் இந்தியா கால மருத்துவ அறிக்கைகள் பலவற்றை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் ஏற்கெனவே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

கையெழுத்துப் பதிவேடு அப்படியில்லை. தேதி, பெயர், தகப்பனார் பெயர், சாதி, ஊர், நோய், கொடுத்த மருந்து என்று ஒரே வரியில் எல்லாம் இருக்கும். நோய் என்ற இடத்தில் குஷ்டம் என்றோ மேகநோய் (பால்வினை நோய்) என்றோ எழுதியிருந்தால்? அந்தக் குடும்பம் இன்றும் அதே ஊரில் இருக்கும். பெண் பார்க்க வருகிறவர்களும் கூகுளில் தேடுகிற காலம் இது. 1940இல் ஐந்து வயதுப் பிள்ளையாக மருந்து வாங்கியவரே இன்று 90 வயதையொட்டி உயிரோடு இருக்கலாம்.

பிரிட்டனில் நோயாளிக் குறிப்புகளை 100 ஆண்டுகள் மூடி வைப்பது வழக்கம். நீங்களும் அதையே கடைப்பிடியுங்கள். நோட்டின் முதல் தேதியை விட்டுவிட்டுக் கடைசித் தேதியிலிருந்து கணக்கிடுங்கள். 1925இல் தொடங்கி 1941இல் முடிந்த நோட்டு, 2042க்கு முன் பொதுவில் வரக் கூடாது. ஆராய்ச்சியாளர் யாராவது கேட்டால், பெயர்களை வெளியிடமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு நூலகத்திலேயே பார்க்க விடுங்கள். பெயரை மட்டும் கறுப்படித்துவிட்டுப் போடலாமே என்பார்கள். சின்ன ஊரில் வயது, தெரு, தொழில் தெரிந்தாலே போதும், ஆள் யாரென்று சொல்லிவிடுவார்கள். பதிவேடுகளைக் கொடுத்த குடும்பத்திடமும் இதையெல்லாம் சொல்லி ஒரு ஒப்புதல் கடிதம் வாங்கி வையுங்கள்.

சரி, இனி ஸ்கேனிங். ஃபீடரை மறந்துவிடுங்கள், பழுப்பேறிய தாள் உருளையில் சிக்கினால் கிழிந்துதான் வரும். தைத்த நோட்டைப் பிரிக்கவும் வேண்டாம். மேலிருந்து படமெடுக்கும் கேமரா, இரு பக்கமும் சாய்வாக விளக்கு, நோட்டின் முதுகு உடையாமல் தாங்க இரண்டு சாய்வான ஃபோம் துண்டுகள் போதும். துருப்பிடித்த குண்டூசிகளை முதலில் பக்குவமாகக் கழற்றிவிடுங்கள். கையுறை வேண்டாம். அது விரலின் உணர்வைக் குறைத்துத் தாளைக் கிழிக்கத்தான் உதவும். கழுவித் துடைத்த கை போதும்.

கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சிவப்பு மை, பென்சில் வித்தியாசம் போய்விடும். அதனால் 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), முழு வண்ணம், தரம் குறையாமல் படத்தைச் சேமிக்கும் டிஃப் கோப்பு. ஒரு ஃபுல்ஸ்கேப் பக்கம் சுமார் 50 எம்பி வரும், 400 பக்க நோட்டு 20 ஜிபி. இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி, ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள். படிக்கக் கொடுப்பதற்கு டிஃப் கோப்பிலிருந்து பிடிஎஃப் எடுத்துக்கொள்ளலாம்.

வெற்றுப் பக்கத்தையும் விடாமல் எடுங்கள். இல்லையென்றால் பிற்பாடு பார்ப்பவருக்குப் பக்கம் காணாமல் போயிற்றோ என்ற சந்தேகம் வரும். கோப்புக்கு நோட்டு எண், பக்க எண் என்று பெயர் வையுங்கள். அப்புறம் நோட்டில் இருப்பதைப் பட்டியலிடுங்கள். டாக்டர் 'தைசிஸ்' என்று எழுதியிருந்தால் அப்படியே பதிந்து, காசநோய் என்பதைப் பக்கத்தில் தனிக் கட்டத்தில் போடுங்கள்.

செல்போன் ஆப்பில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எழுத்தைப் பளிச்சென்று ஆக்குகிறேன் என்று ஓரத்துப் பென்சில் குறிப்பை அது வெளுத்துவிடும். படம் யாருடைய சர்வருக்குப் போகிறது என்பதும் உங்கள் கையில் இருக்காது.