பனிப்பாறை கவிழ்ந்தால் நீருக்குள் என்ன நடக்கும்?

கேள்வி: கிரீன்லாந்தில் மலைபோன்ற பனிப்பாறை ஒன்று தலைகீழாகப் புரளும் காணொளியைப் பார்த்தேன். எழுந்த அலை சற்று நேரத்தில் அடங்கிவிட்டது. பாதிப்பு அத்துடன் முடிந்துவிடுகிறதா? அருகிலுள்ள பனியாற்றுக்கும் அதனால் தீங்கு உண்டா?
– கல்லூரி மாணவி, கோபிசெட்டிபாளையம்

பதில்: முடிந்துவிடுவதில்லை. நீங்கள் கண்ட அலை, பாறை கவிழும்போது வெளிப்படும் ஆற்றலில் மிகச் சிறு பங்குதான். நீர்த்தொட்டியில் பிளாஸ்டிக் கட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. அதில் மேற்பரப்பு அலைகளுக்குச் சென்றது ஏறத்தாழ 1 சதவீதம், கட்டியின் அசைவுக்குச் சென்றது அதிகபட்சம் 15 சதவீதம். மீதி முழுவதும் நீருக்குள்ளேயே சுழலாகவும் கலக்கமாகவும் இறங்கியது.

நிலத்தின்மேல் மெல்ல நகரும் பனித்திரளான பனியாற்றின், கடலைத் தொடும் முகப்பிலிருந்து உடையும் துண்டு, அகலத்தைவிட உயரம் மிகுந்ததாக இருந்தால் நிமிர்ந்து நிற்க இயலாமல் புரள்கிறது. அதன் பருமனில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீருக்கடியில் இருப்பதால், கண்ணாடிபோல் வழவழப்பான கருநீல அடிப்பகுதி நீரைக் கொட்டியபடி மேலெழும்போது, ஆழத்து நீரும் சேர்ந்து புரட்டப்படுகிறது.

அந்த ஆழத்து நீரில்தான் சிக்கல். கோடையில் நம் தோட்டத்துக் கிணற்றில் குதித்தால் மேலே வெதுவெதுப்பாகவும் அடியில் சில்லென்றும் இருக்கும். ஃபியோர்டு எனப்படும் குறுகிய, ஆழமான கடற்பள்ளத்தாக்கில் இது தலைகீழ். பனி உருகிய நன்னீர் கலந்த குளிர்நீர் இலேசானது என்பதால் மேலே நிற்கிறது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் நீர், உப்பு மிகுதியால் கனத்து, 3, 4 டிகிரி வெப்பத்துடன் அடியில் தங்குகிறது. நமக்கு அது நடுக்கும் குளிர். பனிக்கட்டியை அரிக்க அது போதும். பாறை கவிழும்போது இந்த அடுக்குகள் கலந்து, வெப்பம் மேலேறுவதோடு, பனிமுகப்பை ஒட்டிக் காப்புபோல் நிற்கும் மெல்லிய குளிர்நீர்ப் படலமும் கலைகிறது. அடியில் குடையப்பட்ட முகப்பு மேலும் உடைகிறது. உடைந்தவை மீண்டும் கலக்குகின்றன.

2020 ஜனவரியில் அண்டார்டிக் தீபகற்பத்தின் வில்லியம் பனியாறு உடைந்தபோது, அருகிலிருந்த ஆய்வுக்கப்பல் நீரின் வெப்பத்தை முன்னும் பின்னும் அளந்தது. அதுவரை தனித்தனியாக இருந்த குளிர், வெப்ப அடுக்குகள் ஒன்றாகக் கலந்திருந்தன. இத்தகைய உள்கலக்கத்தைச் சேர்க்காத உருகல் கணிப்புகள் முழுமையானவை அல்ல என்பதே என் கருத்து. பெரும் பனிப்பாறைகள் கவிழும்போது பனியாற்றைப் பின்னுக்குத் தள்ளுவதால், ஏறத்தாழ 5 என்ற அளவிலான நில அதிர்வும் ஏற்படுவதுண்டு.

கேள்வி: இதனால் கடல்மட்டம் உயருமா?
– விவசாயி, தாராபுரம்

பதில்: ஏற்கெனவே மிதக்கும் பாறை கவிழ்வதால் உயராது. ஆனால் முகப்பு தேயத் தேய, தரைமேல் உள்ள பனி விரைந்து கடலுக்குள் இறங்கும்; அது மட்டத்தை உயர்த்தும். கிரீன்லாந்தின் பனி முழுவதும் உருகினால் உயர்வு ஏறத்தாழ 7 மீட்டர்.