மலையில இருந்து வெக்கைக்கு இறங்குறவங்களுக்கு: அக்காவிடம் கேளுங்கள்

கேள்வி: அக்கா, நான் ஹட்டன், வயசு 26. ஒரு கம்பனில சேல்ஸ்ல இருக்கேன், மாசம் ஒரு தடவையாவது கொழும்புக்கு மீட்டிங் போகணும். விடியகாலைல சுவெட்டரோட பஸ் ஏறுறேன், யட்டியாந்தோட்டை தாண்டுறதுக்குள்ள ஷேர்ட் முதுகுல ஒட்டிருது. போன தடவ ஒருத்தர் என் முகத்த பார்த்துட்டு "என்ன தம்பி, பயமா இருக்கா"ன்னு எல்லார் முன்னுக்கும் கேட்டுட்டார். ஜூலைல மட்டக்களப்புல மூணு நாள் வேலை வேற இருக்கு. டை, கோட் எல்லாம் போட்டு எப்படி சமாளிக்கிறது?

பதில்: தம்பி, அவர் கேட்டத மொதல்ல மனசுல இருந்து தூக்கி போடுங்க, அது பயம் இல்ல, மலையில வளர்ந்த உடம்பு. ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேல இருக்கு, ஆயிரம் மீட்டர் ஏறினா சுமாரா 6.5 பாகை சூடு குறையும்னு சொல்வாங்க, அப்ப நீங்க ஒரு காலை பொழுதுக்குள்ள எட்டு பாகை போல கூடுன எடத்துக்கு போய் இறங்குறீங்க. கொழும்பு காத்துலயே ஈரம் இருக்கிறதால வியர்வ காயாது, காஞ்சா தானே உடம்பு குளிரும். வெக்கைக்கு உடம்பு பழக ஒன்னு ரெண்டு கெழமையாவது வேணும், நீங்க ஒரே நாள்ல போய் வாற ஆள், அதனால உடம்ப மாத்த பார்க்காதீங்க, நேரத்தையும் உடுப்பையும் மாத்துங்க.

நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல பஸ்ல போன அதே சேலையோட நேரா ஒரு ஓஃபிசுக்குள்ள போய் செவப்பு ஃபைல நீட்டினேன், ஃபைல் அட்டை சாயம் வியர்வையில ஊறி என் உள்ளங்கை ரெண்டும் செவப்பு, மேசையில வச்ச பேப்பர்லயும் விரல் அடையாளம். அன்னைக்கு முடிவு பண்ணினது தான், பயண உடுப்பு வேற மீட்டிங் உடுப்பு வேற.

நீங்களும் ஒரு பழைய டீ ஷேர்ட்ல போங்க, அயன் பண்ணின ஷேர்ட்ட மடிச்சு பைல வைங்க, மீட்டிங்குக்கு ஒரு மணித்தியாலம் முன்னுக்கே போய் சேருங்க. போன ஒடனே மாத்திடாதீங்க, அது தான் நெறைய பேர் விடுற பிழை, உடம்பு சூடு இருக்கிறப்ப புது ஷேர்ட்டும் அஞ்சு நிமிஷத்துல நனைஞ்சிரும். முகம், கழுத்து, மணிக்கட்டு எல்லாம் பச்சத்தண்ணில கழுவிட்டு இருபது நிமிஷம் ஃபேனுக்கு கீழ சும்மா இருங்க, பிறகு பெனியன மாத்தி ஷேர்ட்ட போடுங்க, டைய கடைசியா கட்டுங்க. வெளிர் நீலமும் சாம்பலும் வியர்வைய அப்படியே காட்டிக்குடுக்கும், வெள்ளை இல்லாட்டி கடும் நீலம் எடுங்க, பருத்தியா இருக்கட்டும், பொலியஸ்டர் வேணவே வேணாம். ரெண்டு லேஞ்சியும் (கைக்குட்டை) பைல வைங்க. கோட் தேவையான்னு முந்தின நாளே போன் பண்ணி கேளுங்க, கேக்குறதுல ஒரு மரியாதை குறைவும் இல்ல, முக்கால்வாசி எடத்துல முழுக்கை ஷேர்ட்டும் டையும் போதும்.

மட்டக்களப்பு கதை வேற. ஜூலைல அங்க கச்சான் காத்து அடிக்கும், காய்ஞ்ச சூடு, வியர்வ ஒடனே காஞ்சிரும்கிறதால தண்ணி போறதே தெரியாது. தாகம் வரும்னு காத்திருக்காம குடிங்க, பிளேன்டீ மட்டும் பத்தாது. தம்பிலி (செவ்விளநீர்) கிடைச்சா நல்லம். நெறைய வியர்த்தா ஜீவனி தூள் (உப்பும் சீனியும் சேர்ந்தது) ஒரு பாக்கெட்ட 1 லீட்டர் தண்ணில கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா குடிங்க, பிரஷர், சீனி வருத்தம் இருக்கிறவங்க மட்டும் டொக்டர்கிட்ட கேட்டுட்டு. ஏலும்னா ஒரு நாள் முந்தி போயிருங்க, வெளி வேலைய காலைல முடிங்க. கூட வந்தவங்க யாராவது வெயில்ல நின்னு பேச்சு தடுமாறினா, ஒடம்பு நெருப்பா கொதிச்சா, நிழலுக்கு கொண்டு போய் தண்ணி ஊத்தி விசிறுங்க, ஒடனே 1990க்கு அடிங்க, சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாம வரும்.

கேள்வி: ஓகஸ்ட்ல டிரெயினிங்குக்கு துபாய் போறேன், நான் நானுஓயா. சுவெட்டர வீட்லயே வச்சுட்டு போகலாமா அக்கா?

பதில்: வேணாம் தங்கச்சி, கொண்டு போங்க. வெளிய 40 பாகைக்கு மேல போகும், ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் பகல் 12.30ல இருந்து 3 மணி வரை வெயில்ல வேலை வாங்க கூடாதுன்னு அங்க சட்டமே இருக்கு. ஆனா நீங்க நாள் முழுக்க இருக்க போறது ஏசி ரூம்ல, அந்த குளிர் நம்ம நானுஓயா குளிர் மாதிரி தான் இருக்கும். மெல்லிசான சுவெட்டரா பார்த்து ஹேண்ட்பேக்ல வைங்க, சூட்கேஸ்ல இல்ல.