ஆவிக்குரிய வளர்ச்சி: கேட்டவங்களுக்கு அக்காவோட பதில்

விசுவாசத்துல நாம வளர்றோமா இல்லையான்னு எப்படி தெரியும்ங்கற கேள்விய வாலிபர் கூட்டத்துல ஒரு தம்பி ஆரம்பிச்சு வெச்சாரு, அப்புறம் ஆளாளுக்கு வாட்ஸ்அப்ல கேள்வி அனுப்ப ஆரம்பிச்சிட்டாங்க, தனித்தனியா பதில் போட முடியல, அதான் எல்லாத்தையும் சேத்து எழுதறேன். நான் ஐயரம்மாவும் (போதகரோட மனைவி) இல்ல, செமினரி படிச்சவளும் இல்ல, கடலூர்ல ஏ.எல்.சி. (ஆற்காடு லூத்தரன்) சபைல ரொம்ப காலமா சண்டே ஸ்கூல் எடுத்தவ. யார் பேரும் போடல, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

மஞ்சக்குப்பம்: அக்கா, ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கன்வென்ஷன்ல ரட்சிக்கப்பட்டேன். அப்பல்லாம் ஜெபத்துல உக்காந்தாலே அழுகை வரும். இப்ப பாட்டு பாடும்போது கூட ஒண்ணுமே தோணல. பின்வாங்கிப் போயிட்டேனா?

அழுகைய வெச்சு அளக்காதீங்க தம்பி. பைபிள்ல கலாத்தியர் 5ம் அதிகாரத்துல பவுல் அப்போஸ்தலர் ஆவியின் கனின்னு ஒம்பது சொல்றாரு: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். இதுல கண்ணீரும் இல்ல, உடம்பு சிலிர்க்கறதும் இல்ல. இன்னொண்ணு பாத்தீங்களா, இந்த ஒம்பதுல முக்கால்வாசி ரூமை சாத்திக்கிட்டு தனியா உக்காந்து காட்டவே முடியாது, எதிர்ல ஒரு ஆள் வேணும், அதுவும் நம்மள கடுப்பேத்தற ஆளா இருந்தா தான் பொறுமை இருக்கா இல்லையான்னே தெரியும். அதனால வளந்திருக்கோமான்னு நமக்கு தெரியறதுக்கு முன்னாடி வீட்ல இருக்கறவங்களுக்கு தெரிஞ்சிடும். உங்கம்மாகிட்டயே கேளுங்க, "ரெண்டு வருஷம் முன்ன இருந்ததுக்கு இப்ப எப்படிமா இருக்கேன், கோபம் குறைஞ்சிருக்கா, குழம்புல உப்பு இல்லன்னா தட்டை தள்றத விட்டுட்டேனா"ன்னு. அவங்க சிரிச்சாங்கன்னா இன்னும் வேலை பாக்கி இருக்குன்னு வெச்சுக்கோங்க.

அந்த வெறுமைய பத்தி பயப்படாதீங்க. 16ம் நூற்றாண்டுல ஸ்பெயின்ல இருந்த புனித சிலுவை அருளப்பர் இதையே தான் எழுதிட்டு போயிருக்காரு, ஆரம்பத்துல கிடைச்ச இனிமைய கடவுளே எடுத்துடறாரு, அந்த ருசிக்காக இல்லாம அவருக்காகவே நாம வரணும்னு. ஒண்ணும் தோணலன்னாலும் போயி உக்கார்றீங்க இல்ல, அத விடாதீங்க.

நெல்லிக்குப்பம்: எங்க சபைல ஒருத்தர் அந்நியபாஷை (ஆவியில நிறைஞ்சு பேசற புரியாத பாஷை) பேசுவாரு, தீர்க்கதரிசனம் சொல்லுவாரு, எல்லாரும் அவர்கிட்ட தான் ஜெபிக்க போவாங்க. ஆனா அவர்கிட்ட வேலை செய்யறவங்களுக்கு கூலிய இழுத்தடிச்சு தான் குடுப்பாரு. இவரு வளந்தவரா இல்லையா?

இந்த கேள்விக்கு பைபிள்ல ஒரு சபையே பதிலா இருக்கு, கொரிந்து சபை. 1 கொரிந்தியர் முதல் அதிகாரத்துலயே பவுல் சொல்லிடறாரு, ஆவி குடுக்கற இந்த மாதிரி வரங்கள்ல உங்களுக்கு ஒரு குறையும் இல்லன்னு. ரெண்டு அதிகாரம் தள்ளி அதே ஆளுங்கள குழந்தைங்கன்னு சொல்றாரு, இன்னும் பால் தான் குடுக்க முடியுதுன்னு, காரணம் என்னன்னு பாத்தா பொறாமை, வாக்குவாதம், கோஷ்டி. பந்தியில பணக்காரன் வயிறு முட்ட சாப்பிட்டு ஏழைய பசியோட விட்டுட்டாங்கன்னு 11ம் அதிகாரத்துல திட்டறாரு. அதாவது வரம் நிறைய இருந்துக்கிட்டே ஆள் குழந்தையா இருக்கலாம். வரம் ஒரே நாள்ல வந்துடும், குணம் அப்படி வராது. கூலி விஷயத்துல யாக்கோபு 5 நேராவே பேசுது, பிடிச்சு வெச்ச கூலியே கூக்குரல் போடுதுங்கறாரு. வரி வசூல் பண்ற சகேயு வீட்டுக்கு இயேசு போனப்ப அந்த மனுஷன் முதல்ல திறந்தது பணப்பெட்டிய, ஏமாத்தினத நாலத்தனையா திருப்பி குடுக்கறேன்னான், அப்ப தான் இயேசு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்துச்சுன்னாரு. அவர்கிட்ட நீங்க ஜெபிக்க போகலாமா வேணாமான்னு கேட்டா, நான் போக மாட்டேன்.

பாகூர்: ஒரு வருஷத்துல பைபிள் முடிக்கணும்னு ஜனவரில ஆரம்பிப்பேன், லேவியராகமத்துல நின்னுடும்.

எல்லாருக்கும் அங்க தான் நிக்குது. 1189 அதிகாரம், ஒரு வருஷத்துல முடிக்க தினம் மூணு நாலு ஓடணும், ஓட்டத்துல என்ன படிச்சோம்னே நிக்காது. மாற்கு 16 அதிகாரம் தான், அத தினம் ஒண்ணா படிங்க, அப்புறம் சங்கீதம். முடிச்சேன்னு டிக் போடறத விட ஒரு வசனம் அன்னைக்கு பூரா கூடவே வந்தா போதும்.

வில்லியனூர்: நாங்க ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). என் ஃப்ரெண்டு பெந்தெகொஸ்தே, ஜெபமாலை சொல்றவனுக்கு வளர்ச்சியே கிடையாதுங்கறான். என்ன பதில் சொல்றது?

சண்டைக்கு நான் வரல. வீண் வார்த்தைய அலப்பாதீங்கன்னு இயேசு சொன்னது எல்லாருக்கும் தான், ஒரே கோரஸ இருபது தடவ பாடற நம்ம பக்கத்துக்கும் சேத்து தான். மனசு எங்கயோ இருந்தா எந்த ஜெபமும் அலப்பல் தான். உங்க பக்கத்துலயே ஒரு நல்ல பழக்கம் இருக்கு, இயேசு சபைய ஆரம்பிச்ச புனித இஞ்ஞாசியார் சொல்லிக் குடுத்தது. 1521ல பாம்பலோனா சண்டைல கால்ல குண்டடி பட்டு படுக்கைல கிடந்து மனசு மாறின போர்வீரர் அவரு. ராத்திரி கால் மணி நேரம் போதும்: அன்னைக்கு கிடைச்சதுக்கு நன்றி சொல்றது, தூய ஆவிகிட்ட வெளிச்சம் கேக்கறது, காலைலருந்து நடந்ததை ஒண்ணொண்ணா நினைச்சுப் பாக்கறது, தப்பு செஞ்சதுக்கு மன்னிப்பு கேக்கறது, நாளைக்கு எத மாத்தப் போறோம்ங்கறது. நான் லூத்தரன், நானும் இத செய்யறேன். உங்க ஃப்ரெண்டையும் செய்ய சொல்லுங்க, எங்கயும் இடிக்காது.

முதலியார்பேட்டை: ஃபோன்ல பாக்கக்கூடாதத பாக்கறேன். விட்டுட்டேன்னு சபைல எல்லார் முன்னாடியும் சாட்சி கூட சொன்னேன். மறுபடி விழுந்துட்டேன். எனக்கு வளர்ச்சின்னு ஒண்ணு இருக்கா?

விழுந்த உடனே முன்னல்லாம் ஒரு மாசம் சபைக்கே போகாம ஒளிஞ்சிருப்பீங்க, இப்ப அடுத்த நாளே எனக்கு எழுதியிருக்கீங்கன்னா அதுவே வளர்ச்சி தான். பவுல் தன்ன பத்தி சொல்றத வரிசையா பாருங்க, கொரிந்தியருக்கு எழுதறப்ப அப்போஸ்தலர்ல நான் சிறியவன், எபேசியர்ல பரிசுத்தவான்கள் எல்லாருலயும் சிறியவன், தீமோத்தேயுவுக்கு எழுதறப்ப பாவிகள்ல பிரதான பாவி. வெளிச்சத்துகிட்ட போகப் போக அழுக்கு ஜாஸ்தியா தான் தெரியும். ஆனா இத சாக்கா எடுத்துக்கிட்டு உக்காந்துடாதீங்க. ராத்திரி ஃபோன ஹால்ல சார்ஜ் போடுங்க, படுக்கைக்கு கொண்டு போகாதீங்க. நம்பிக்கையான ஒரு அண்ணன்கிட்ட வாய் விட்டு சொல்லுங்க, ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கன்னு யாக்கோபு சொன்னது மேடைக்காக இல்ல, இந்த மாதிரி ரெண்டு பேர் பேசறதுக்கு தான். கைய மீறி போச்சுன்னா கவுன்சிலர பாக்கறதுல வெக்கமே இல்ல. மேடை சாட்சிய கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைங்க.

பண்ருட்டி: எத்தனை வருஷத்துல ஒருத்தர் முதிர்ச்சி ஆவாங்க?

உங்க ஊர்ல போயி கேக்க வேண்டிய கேள்விய என்கிட்ட கேக்கறீங்க. பலாக்கொட்டை போட்டு மறுவருஷமே மரத்த அண்ணாந்து பாக்கறவங்கள பண்ருட்டிக்காரங்க என்ன சொல்லுவாங்க?

லாஸ்பேட்டை: ரெண்டு சின்ன பசங்க, மாமியாருக்கு உடம்பு முடியல. அமைதியா ஜெபிக்க பத்து நிமிஷம் கிடைக்கல அக்கா.

கிடைக்காதும்மா, இந்த வயசுல அது தான் நிஜம். 17ம் நூற்றாண்டுல பாரிஸ் மடத்துல சகோதரர் லாரன்ஸ்னு ஒருத்தர், சமையக்கட்டு வேலை, ஜெப நேரத்துல கிடைக்கிற அதே பிரசன்னம் பாத்திரங்களுக்கு நடுவுலயும் இருக்குன்னு பழகிக்கிட்டவரு. பாத்திரம் தேய்க்கறப்ப ஒரு சங்கீத வரி, மாமியாருக்கு கஞ்சி குடுக்கறப்ப அவங்க கைய பிடிச்சு ஒரு வார்த்தை ஜெபம். அப்புறம் உங்க வீட்டுக்காரர்கிட்ட ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் பசங்கள பாத்துக்க சொல்லுங்க, அது அவரோட ஆவிக்குரிய வளர்ச்சி.

தேவனாம்பட்டினம்: என் வீட்டுக்காரர் இறந்து போயி ஆறு மாசம் ஆவுது. ஜெபம் பண்ண வாய் வரல. விசுவாசம் இருந்தா இப்படி ஆகாதுன்னு சொல்றாங்க.

சொல்றவங்க 88ம் சங்கீதத்த படிச்சதில்ல போல. அது இருட்டுலயே ஆரம்பிச்சு இருட்டுலயே முடியுது, கடைசில ஒரு அல்லேலூயா கூட இல்ல, இருந்தும் பைபிள்ல தான் இருக்கு. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடி அடியில படுத்து சாகணும்னு கேட்டப்ப தூதன் வந்து பிரசங்கம் பண்ணல, அடையும் தண்ணியும் குடுத்தான், தூங்க விட்டான், மறுபடி எழுப்பி சாப்பிட வெச்சான். நீங்க இப்ப வளரணும்னு யாரும் கேக்கல தங்கச்சி. சாப்பிடுங்க, தூங்குங்க. ஜெபத்த நாங்க பண்றோம். இந்த வாரம் நம்ம சபை மாதர் சங்கத்துலருந்து ரெண்டு பேர் வருவாங்க, வேணாம்னா சொல்லிடுங்க, கோச்சிக்க மாட்டோம்.

திருப்பாதிரிப்புலியூர்: 40 நாள் உபவாசம் எடுக்கலாம்னு இருக்கேன். சுகர் இருக்கு.

டாக்டர்கிட்ட கேக்காம எடுக்காதீங்க. ஏசாயா 58 படிங்க, பசிச்சவனுக்கு சாப்பாடு குடுக்கறத கடவுள் உபவாசம்ங்கறாரு, அதுக்கு சுகர் தடை இல்ல.

புதுச்சேரி, நெல்லித்தோப்பு: எங்க சபைல வளர்ச்சியே இல்லக்கா, ஒரே கமிட்டி சண்டை, அதுல ஒரு பெரியவரோட எனக்கு பேச்சே இல்ல. வேற சபைக்கு மாறிடலாமா?

தப்பான போதனை, பணத்துல தில்லுமுல்லு, பொண்ணுங்களுக்கு பாதுகாப்பு இல்ல, இதுல எது இருந்தாலும் உடனே கிளம்புங்க. அது எதுவும் இல்ல, ஆளுங்கள பிடிக்கல அவ்வளவுதான்னா, போற இடத்துலயும் ஆளுங்க தான் இருப்பாங்க, கூடவே நீங்களும் இருப்பீங்க. காணிக்கைய பலிபீடத்துகிட்டயே வெச்சுட்டு போயி முதல்ல சகோதரன்கிட்ட சமாதானம் ஆகுன்னு மத்தேயு 5ல இருக்கு. நீங்க எழுதின அந்த பெரியவரோட உங்களுக்கு எத்தனை நாளா பேச்சு இல்லன்னு எழுதல. அவருக்கு போன் பண்ணிட்டு எனக்கு சொல்லுங்க, மாறறத பத்தி அப்புறம் பேசுவோம்.