எடை குறைந்த பிறகு ஏன் இவ்வளவு பசி?

கேள்வி: உணவைக் குறைத்து 12 கிலோ எடை குறைத்தேன். இப்போது முன்பைவிட அதிகமாகப் பசிக்கிறது. சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே மறுபடி ஏதாவது வேண்டும்போல் இருக்கிறது. எனக்கு மனக்கட்டுப்பாடு போதவில்லையா?

பதில்: அப்படி நினைக்காதீர்கள். எடை குறைந்தால் உடல் அதை இழப்பாகவே எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது. இதில் குடல் ஹார்மோன்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இரைப்பையில் சுரக்கும் கிரெலின் பசியைத் தூண்டும். சாப்பாட்டு வேளை நெருங்கும்போது ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். உணவு சிறுகுடலுக்கு வந்ததும் கோலிசிஸ்டோகைனினும், குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஆகியவையும் சுரந்து, மூளைக்குப் ‘போதும்’ என்று தெரிவிக்கின்றன. ஜிஎல்பி-1 இன்சுலின் சுரப்பையும் கூட்டும். இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும்.

ஆஸ்திரேலியாவில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைந்தவர்களை ஓராண்டு கழித்துப் பரிசோதித்தார்கள். அப்போதும் கிரெலின் கூடுதலாகவே இருந்தது. பிஒய்ஒய், கோலிசிஸ்டோகைனின் இரண்டும் குறைந்தே இருந்தன. அதாவது உங்கள் பசி நிஜமான பசிதான். போதாக்குறைக்கு, எடை குறைந்த உடல் ஓய்வில் செலவழிக்கும் ஆற்றலும் குறைந்துவிடுகிறது.

சரி, என்ன செய்யலாம்? ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும். நிறைவு தரும் ஹார்மோன்களை அது நன்றாகத் தூண்டும். முடிந்தால் புரதத்தையும் காய்கறியையும் முதலில் சாப்பிட்டு, மாவுச்சத்தைக் கடைசிக்கு வையுங்கள். அவசரமாக விழுங்காதீர்கள், குடலின் செய்தி மூளைக்கு எட்டச் சற்று நேரம் வேண்டும். சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். கிரெலின் வழக்கமான வேளைக்குப் பழகிக்கொள்ளும். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: அந்த வேளையில் சாப்பிடாவிட்டாலும் கிரெலின் ஏறிக்கொண்டே போவதில்லை, சிறிது நேரத்தில் தானாக இறங்கும். தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். தூக்கம் குறைந்தால் பசி கூடும்.

உடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். செமாக்ளுடைட் போன்ற மருந்துகள் அதே வேலையை நாள்கணக்கில் செய்கின்றன. நிறுத்தினால் பலருக்கு எடை திரும்புகிறது, அதனால் மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டும். ஏற்கெனவே இன்சுலினோ வேறு சர்க்கரை மருந்தோ எடுத்துக்கொள்பவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பசியோடு தாகமும் அதிகச் சிறுநீரும் இருந்தாலோ, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்துகொண்டே போனாலோ, தள்ளிப்போடாமல் ரத்தச் சர்க்கரையையும் தைராய்டையும் பரிசோதியுங்கள்.