பன்னிரண்டில் ஒருவர் மறுத்தால்?

வணக்கம் ஐயா,

அமெரிக்க ஜூரி முறை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த பன்னிரண்டு ஜூரர்களும் ஒருமனதாகச் சொன்னால்தான் குற்றவாளி என்பது அதிகமாகப் படுகிறது. ஒரே ஒரு பிடிவாதக்காரர் இருந்தால் கொலைகாரன் வீட்டுக்குப் போய்விடுவானே? பத்துப் பேர் சொன்னால் போதாதா?

செல்வம்

அன்புள்ள செல்வம்,

அப்படி வீட்டுக்குப் போய்விட முடியாது. அங்கே மத்திய நீதிமன்றங்களிலும் பெரும்பாலான மாநிலங்களிலும் விடுதலைக்கும் பன்னிரண்டு பேர் ஒத்துவர வேண்டும். ஒருவர் மறுத்தால், மறுபடி உட்கார்ந்து பேசுங்கள் என்று நீதிபதி அனுப்புவார். அப்போதும் முடியாவிட்டால் ஜூரியைக் கலைத்துவிடுவார். அரசுத் தரப்பு புதிய ஜூரியோடு வழக்கை முதலிலிருந்து நடத்தலாம். ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரணை கூடாது என்ற தடை இதற்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1824-லேயே சொல்லிவிட்டது.

நீங்கள் கேட்கும் 'பத்துப் பேர் போதும்' ஏற்பாடு லூசியானா, ஓரிகன் ஆகிய இரு மாநிலங்களில் இருந்ததுதான். லூசியானா 1898-இல் ஒன்பது பேர் போதும் என்று ஆரம்பித்தது. கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து வெளிப்படையாக விலக்க முடியாது. ஓரிருவர் வந்துவிட்டாலும் அவர்கள் பேச்சு எடுபடக் கூடாது. அதற்குப் போட்ட கணக்கு இது. பின்னால் ஒன்பது பத்தானது, அவ்வளவே.

கோளாறு எங்கே என்றால், பத்துக் கை உயர்ந்ததும் பேச்சு நின்றுவிடும். "அந்த இருட்டில் சாட்சிக்கு முகம் எப்படித் தெரிந்தது?" என்று மீதி இருவர் கேட்டால் பதில் சொல்லும் கட்டாயம் யாருக்கும் இல்லை. பன்னிரண்டும் வேண்டுமென்றால் சொல்லியே ஆக வேண்டும். தேவைப்பட்டால் சாட்சியத்தைத் திரும்ப வாசிக்கக் கேட்பார்கள். தீர்ப்பு சொன்ன பிறகும் வழக்கறிஞர் கோரினால் ஒவ்வொரு ஜூரரையும் தனித்தனியே, "இது உங்கள் தீர்ப்புதானா?" என்று கேட்பார்கள். ஒருவர் "இல்லை" என்றாலும் அது தீர்ப்பாகாது.

லூசியானாவில் எவாஞ்சலிஸ்டோ ராமோஸ் என்பவருக்கு 2016-இல் பத்துக்கு இரண்டு என்ற கணக்கில் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. கடுங்குற்ற வழக்குகளில் ஒருமனதாக இல்லாத குற்றத் தீர்ப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரல் 20 அன்று தீர்ப்பளித்தது. 2023-இல் நடந்த மறுவிசாரணையில் அவர் குற்றவாளி அல்ல என்று ஜூரி ஒருமனதாகச் சொன்னது. முதல் விசாரணையில் அந்த இரண்டு பேர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டாமா?

ஆனால் மேல்முறையீடு முடிந்துபோன பழைய வழக்குகளுக்கு இது பொருந்தாது என்று 2021-இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. முடிவு மாநிலங்கள் கையில். 2022-இல் ஓரிகன் உச்ச நீதிமன்றம் பழைய வழக்குகளுக்கும் கதவைத் திறந்தது. லூசியானா உச்ச நீதிமன்றம் மறுத்தது. பத்துக்கு இரண்டில் தண்டிக்கப்பட்டு லூசியானா சிறைகளில் கிடப்பவர்களுக்கும் மறுவிசாரணை கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.