மீன்வளத் துறையில் பொருளியலாளர் வேலை – கடிதம்

வணக்கம் அம்மா,

மீன்வளத் துறையில் நீங்கள் பணியாற்றிய காலம் பற்றி எழுதும் கட்டுரைகளை விடாமல் வாசிக்கிறேன். எனக்கு ஊர் நாகப்பட்டினம் பக்கம். எம்.ஏ. பொருளியல் முடித்திருக்கிறேன். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில், மீனவர் சமூகப் பொருளாதாரம் தொடர்பான ஒப்பந்த வேலை கிடைத்திருக்கிறது.

அப்பா பல வருடங்களாக, கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலை போடும் விசைப்படகில் பங்குக்கு (கூலிக்குப் பதில் பிடிப்பில் ஒரு பங்கு) போகிறவர். சித்தப்பா சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருக்கிறார். இழுவைமடி என்று யாராவது பேச்செடுத்தால் போதும், வீட்டில் சண்டைதான். வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும் சித்தப்பா கேட்டார்: "சர்வே பாரத்தைத் தூக்கிக்கிட்டு வந்து எத்தனை கிலோ, எவ்ளோ டீசல்னு கேட்டு எழுதிட்டுப் போவாங்களே, அந்த வேலையா? அதுனால எங்களுக்கு என்ன ஆச்சு?" எனக்குப் பதில் வரவில்லை.

அரசாங்கத்தில் பொருளியலாளர் என்பவர் ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்கு எண் தேடிக் கொடுப்பவர்தானா? அங்கே போனால் எங்கள் ஆட்களுக்கு எதிராகவே எழுத வேண்டி வருமா? சேர்வதற்கு முன் எதைப் படித்துக்கொள்வது?

ச.

*

அன்புள்ள ச.,

சேருங்கள். காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

முதலில் உங்கள் சித்தப்பாவின் கேள்வி. அந்தப் பாரம், அதாவது கணக்கெடுப்புப் படிவம், என்ன செய்கிறது என்பதை அவருக்கு யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். 2024-ல் இந்தியக் கரைகளில் இறங்கிய கடல்மீன் 34.7 லட்சம் டன் என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. அத்தனை மீனையும் யாரும் எடை போட முடியாது. சில இறங்குதளங்கள், சில நாட்கள், அன்று வந்த படகுகளில் சில என்று மாதிரி எடுத்து, அதிலிருந்து முழுக் கடற்கரைக்கும் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள். உங்கள் சித்தப்பா அலுப்போடு சொன்ன ஒரு பதில் பல படகுகளுக்கு நிற்கிறது. அந்தக் கணக்கு இல்லாவிட்டால், கேரளத்தில் 2012-ல் 4 லட்சம் டன்னை ஒட்டிக் கிடைத்த மத்தி மீன் 2021-ல் 3,297 டன்னுக்கு விழுந்தது என்பதை யாரும் நிறுவியிருக்க முடியாது. கரையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் கரையில் தெரிவது கோப்பில் ஏறாதவரை ஒரு ரூபாய் நிவாரணம்கூட நகராது.

ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பாரம் மீனைக் கேட்கிறது, டீசலைக் கேட்கிறது. மத்தி போனபோது யாருடைய வீட்டில் எவ்வளவு போனது என்பதை அது தானாகச் சொல்லாது. படகுக்காரருக்கு எவ்வளவு, பங்குக்குப் போனவருக்கு எவ்வளவு, கூடை சுமந்து விற்ற பெண்ணுக்கு எவ்வளவு? அதைத் தனித்தனியாகப் பிரித்து எழுதுவதற்குத்தான் பொருளியலாளர் வேண்டும். மொத்தத்தைக் கூட்டிச் சொல்ல ஒரு கணினி போதும்.

இந்தப் பிரிப்பு இல்லாமல் என்ன நடக்கும் என்பதற்கு நம் கடற்கரையின் வரலாறே சாட்சி. 1950-களின் தொடக்கத்தில் இந்திய–நார்வே திட்டம் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் தொடங்கியபோது, மீனவக் குடும்பங்களின் வாழ்வை உயர்த்துவதுதான் சொல்லப்பட்ட நோக்கம். பிறகு இறால் ஏற்றுமதியில் காசு கொட்டியது. விசைப்படகும் இழுவைமடியும் பெருகின. பிடிப்பும் அந்நியச் செலாவணியும் ஆண்டறிக்கைகளில் ஏறிக்கொண்டே போயின. கட்டுமரக்காரரின் வலையை இழுவைப்படகு அறுத்துக்கொண்டு போனதற்கு அந்த அறிக்கைகளில் இடம் இல்லை. 1970-களில் கடலிலேயே அடிதடி நடந்து உயிர்கள் போன பிறகுதான் சட்டம் பற்றிப் பேச்சு வந்தது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ல் வந்தது. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்ற விதிக்குப் பின்னால் அவ்வளவு ரத்தம் இருக்கிறது.

அடுத்து, எடுத்த முடிவுக்கு எண் தேடிக் கொடுக்கும் வேலையா என்பது. பல நாட்களில் ஆம். கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போதே கேள்வி ஒரு வடிவத்தில் உறைந்துதான் வரும். "இத்திட்டத்துக்கு அலகு ஒன்றுக்கு எவ்வளவு செலவாகும்?" என்பார்கள். திட்டம் தேவையா என்று கேட்க மாட்டார்கள். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுதிவிட்டு, கேட்காமல் விட்ட கேள்வியையும் அதே குறிப்பில் எழுதி வைப்பதுதான் இந்த வேலையின் உயிர் என்று நான் நம்புகிறேன்.

பாக் நீரிணையையே பாருங்கள். 2017-ல் அங்குள்ள இழுவைப்படகுகளை ஒப்படைக்கச் செய்து, பதிலுக்கு ஆழ்கடலில் சூரை (டூனா) பிடிக்கும் தூண்டில், செவுள்வலை (மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும் வலை) படகுகள் கொடுக்கும் திட்டம் வந்தது. ஒரு படகு 80 லட்சம் ரூபாய். பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக் கடன், மீதி 10 சதவீதம் மீனவர் கையிலிருந்து. மூன்றாண்டில் 2,000 படகு என்பது இலக்கு. நடந்தது அதன் கிட்டேகூடப் போகவில்லை.

70 சதவீதம் மானியம் கொடுத்தும் ஏன் ஆள் வரவில்லை? படகின் விலைக்குத் தாளில் பதில் இருந்தது, பிழைப்பு மாறுவதற்கு இல்லை. ராமேஸ்வரத்து விசைப்படகு காலையில் கிளம்பினால் மறுநாள் காலையில் கரையில் இருக்கும். சூரைக்குப் போகிறவர் வாரக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும். எந்தக் கூலிக்கு அவர் அதற்குச் சம்மதிப்பார்? அவருக்கு அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுப்பது யார்? கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் அரபிக்கடலில் வெகுதூரம் போய்ச் சுறாவும் சூரையும் பிடிக்கிறார்கள் என்றால், அது பல பத்தாண்டுகள் பழகி வந்த திறன். அதை மானியத்தோடு சேர்த்துக் கையில் கொடுத்துவிட முடியாது. பிடித்த சூரை கெடாமல் இருக்கப் பனிக்கட்டியும், நல்ல விலைக்கு எடுக்க வியாபாரியும் கரையில் இருந்தாக வேண்டும். 8 லட்சம் ரொக்கமும் 16 லட்சம் கடனும் தோளில் ஏறியபின், இரண்டு பயணம் வெறுங்கையோடு திரும்பினால் தவணையை யார் கட்டுவது? இவை எல்லாமே பொருளியல் கேள்விகள். திட்டம் அச்சாகும் முன்பே கேட்டிருக்கக்கூடியவை.

அதே கடலில் இன்னொரு விடுபடலும் உண்டு. 2009-ல் இலங்கையில் போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய யாழ்ப்பாணத்து, மன்னார் மீனவர்களின் செவுள்வலைகளை நம் இழுவைப்படகுகள் அறுத்திருக்கின்றன. அவர்களும் தமிழர்கள், கடன் வாங்கி வலை வாங்கியவர்கள். நம் படகுகள் வரும் நாட்களில் வலை போகுமே என்று பயந்து கடலுக்கே போகாமல் இருந்தவர்கள். இலங்கை 2017-ல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடுத்தது. ஆனால் ஒரு விசைப்படகின் லாப நட்டத்தை நாம் கணக்கிடும்போது அந்த அறுந்த வலையின் விலை எங்கும் செலவாக எழுதப்படுவதில்லை. நம் பக்கத்திலும் ஒரு செலவு மறைந்துபோகிறது. எல்லை தாண்டிப் பிடிபட்டால் முதலாளி படகை இழக்கிறார், சிறையில் கிடப்பவர் பெரும்பாலும் பங்குக்குப் போனவர். அந்த மாதங்களில் அவர் வீட்டுக்கு வராமல் போன வருமானத்தையும் படகின் கணக்கில் யாரும் செலவாகக் காட்டுவதில்லை. மீனவர் கைது என்று பேசும்போது நமக்கு வரும் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தோடு இந்த இரண்டு கணக்கையும் சேர்த்து வைக்கத் துணிய வேண்டும் என்கிறேன்.

இப்போது உங்களை அதிகம் வருத்தும் கேள்வி: "எங்கள் ஆட்களுக்கு எதிராக." உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. ஒரே வீட்டில் அப்பா இழுவைப்படகில், சித்தப்பா ஃபைபர் படகில். இதில் எங்கள் ஆள் யார்? மீனவர் என்ற ஒரே பெயரில் அரசும் சங்கங்களும் பேசும். கடற்கரையில் அப்படி ஒரே நலன் கிடையாது.

தடைக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நிவாரணத்தைக் குடும்பத்துக்கு 5,000 ரூபாயிலிருந்து 8,000-ஆக உயர்த்துவதாக 2023-ல் மாநில அரசு அறிவித்தது. 8,000 என்றே வைத்தாலும் நாளொன்றுக்கு 131 ரூபாய். உங்கள் அப்பாவுக்கு அந்த இரண்டு மாதமும் பங்கு கிடையாது, அந்தப் பணம்தான். சித்தப்பாவின் படகு போகலாம். வரத்து குறைந்திருப்பதால் அவருக்கு நல்ல விலைகூடக் கிடைக்கும். துறைமுகத்தில் மீன் எடுத்துத் தெருவில் விற்கும் பெண்ணுக்குச் சரக்கு கிடைக்காது, கிடைத்தாலும் அவர் முதலுக்குக் கட்டுப்படியாகாது. தடை முடிந்து விசைப்படகுகள் மொத்தமாக இறங்கி வந்ததும் விலை சரியும். இரண்டு மாதம் வளர்ந்த மீனின் பெரும்பங்கு பெரிய எஞ்சினுக்கே போகும். குஞ்சு மீன்கூட மடியில் ஏறிச் சங்காயமாக (கழிவு மீனாக) தீவன ஆலைக்குப் போகும். தடையை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் அதன் சுமை யார் மேல் விழுகிறது, பலன் யாருக்குப் போகிறது என்று எழுதாமல் "தடையால் உற்பத்தி பெருகும்" என்று மட்டும் எழுதினால் அது பாதிக் கணக்கு.

டீசலும் அப்படித்தான். வரிவிலக்கு டீசல் விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர், எஞ்சின் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டர் என்ற அளவில் நெடுங்காலம் இருந்தது. உலக வர்த்தக அமைப்பில் மீன்பிடி மானியங்கள் பற்றிப் பேச்சு வந்தால் நம் நாடு ஏழைச் சிறு மீனவரைக் காட்டி வாதாடுகிறது. அந்த வாதம் சரியானது. வளர்ந்த நாடுகள் கப்பல் கப்பலாக மானியம் கொடுத்துக் கடலைக் காலி செய்துவிட்டு, நம்மை நிறுத்தச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அதே சமயம் ஊரில் அந்த மானியம் லிட்டர் கணக்கில்தான் பிரிகிறது, ஏழ்மைக் கணக்கில் பிரிவதில்லை. அந்த அமைப்பு இருக்கும் ஜெனீவாவுக்குக் குறிப்பு தயாரிக்கும் அதே கை, சென்னைக்கும் டெல்லிக்கும் இதையும் எழுதி அனுப்ப வேண்டும்.

எழுதினால் கேட்பார்களா? உடனே கேட்க மாட்டார்கள். கேரளத்தில் இழுவைமடிப் பிரச்சினைக்கு 1980-களில் பாபு பால் குழு, கலாவர் குழு, பாலகிருஷ்ணன் நாயர் குழு என்று மூன்று குழுக்கள் அமைந்தன. முதல் குழு ஒருமித்த முடிவுக்கே வரவில்லை. மீனவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். 1988-ல் மழைக்கால இழுவைத் தடை வந்தது. போராட்டம்தான் அதைக் கொண்டுவந்தது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தடையைச் செயல்படுத்தவும், பின்னால் வழக்குகளில் வாதிடவும் கையில் எடுக்க அந்த அறிக்கைகள் இருந்தன. நீங்கள் இன்று எழுதும் ஒரு பத்தி பத்து வருடம் கழித்து ஒரு சங்கத்தின் கையில் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே போய்ச் சேரலாம். அந்த எண்ணத்தோடு எழுதுங்கள். நடத்தை விதிகள் இருக்கும். பத்திரிகையில் துறையை விமர்சித்து எழுத முடியாது. கோப்பில் மாற்றுக்கருத்து எழுத எந்த விதியும் தடையில்லை. பலரும் அதை எழுதாமல் விடுவது பழக்கத்தால்தான்.

படிப்பு பற்றி. ஸ்காட் கோர்டன் என்ற கனடாக்காரர் 1954-ல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். யார் வேண்டுமானாலும் இறங்கலாம் என்ற கடலில், கொஞ்சம் லாபம் இருக்கும்வரை புதுப் படகு வந்துகொண்டே இருக்கும். கடைசியில் எல்லோருக்கும் செலவுக்கும் வரவுக்கும் சரியாகிவிடும் என்பது அதன் சாரம். டீசலை மலிவாக்கினால் மீனவர் பணக்காரர் ஆகாமல் படகுகள் மட்டும் ஏன் பெருகுகின்றன என்பது அதில் புரியும். அதோடு நின்றுவிடாதீர்கள். படகைக் குறைக்க வேண்டும் என்று அந்தச் சூத்திரம் சொல்லும், யாருடைய படகை என்று சொல்லாது. நம் கடற்கரை யாரும் புகலாம் என்ற வெட்டவெளியும் இல்லை. ராமநாதபுரம் பகுதியில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நான்கு நாள் என்ற ஏற்பாடு மோதல்களுக்குப் பிறகு பேசி உருவானது. உங்கள் பக்கத்தில் ஊர்ப் பஞ்சாயத்தார் எந்த வலை இறங்கலாம், எப்போது இறங்கலாம் என்று முடிவு செய்வதைச் சிறுவயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். மீன்கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலைத் தகராறில் ஊர்கள் எப்படிப் பிரிந்து நின்றன என்பதும் தெரிந்திருக்கும். எலினோர் ஆஸ்ட்ரோம் பொதுவளங்களை ஊர்களே ஆளும் விதத்தை ஆராய்ந்து 2009-ல் நோபல் பெற்றார். அவரைப் படிக்கும்போது உங்கள் ஊர் உங்களுக்கு வேறு மாதிரித் தெரியும். கூடவே கொஞ்சம் மீன் உயிரியலும், மாதிரிக் கணக்கெடுப்புப் புள்ளியியலும். நிரந்தர வேலை வேண்டுமென்றால் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கும் இப்போதே தயாராகத் தொடங்குங்கள். ஒப்பந்தத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

சேர்ந்ததும் ஒன்று செய்யுங்கள். முதல் கணக்கெடுப்புப் படிவம் கைக்கு வரும்போது, ஏலத்தில் மீன் எடுத்து விற்கும் பெண்களைக் கேட்க அதில் தனிப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் முதல் போட எங்கே கடன் வாங்குகிறார்கள், என்ன வட்டி, தடைக்காலத்தில் என்ன வேலை செய்கிறார்கள் என்ற கேள்விகள் இருக்க வேண்டும். படகின் கணக்கு ஏலத்தோடு முடிந்துவிடுவதால் அந்தப் பக்கம் விடுபடுவது சாதாரணம். இல்லையென்றால் படிவம் அச்சுக்குப் போவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். அச்சான பிறகு அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் யாரும் மாற்ற மாட்டார்கள்.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் என் வணக்கம்.

அன்புடன்.