சிக்குக் கோலத்துக்கு 4க்கு 4 புள்ளி வைத்தால் கோடு ஏன் முட்டுகிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

கும்பகோணத்தில் இரண்டாவது மாடி ஃப்ளாட்டில் இருக்கிறோம். மாமியார் படுத்த படுக்கையாகி ஒன்றரை வருடம் ஆகிறது. இரவு ஒன்பது மணிக்கு அவருக்கு மருந்து கொடுத்துத் தூங்க வைத்தபின் எனக்கென்று கிடைப்பது இரண்டு மணி நேரம். அதையும் போனில் தொலைத்துவிட்டு, கனத்த தலையோடு படுக்கிறேன். மனசுக்கு இதமாக ஏதாவது செய்யட்டும் என்று மகள் குரோஷா ஊசியும் நூலும் வாங்கிக் கொடுத்தாள். ஒட்டவில்லை. வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர் வீட்டில் நான் படிக்கோலமும் பூக்கோலமும் போடுவேன். புள்ளிகளைச் சுற்றிக் கோடு பின்னிவரும் சிக்குக் கோலம் மாமியார் கை. இங்கே வாசல் கிடையாது. நோட்டில் 4க்கு 4 நேர்ப்புள்ளி, அதாவது வரிசைக்கு நான்காக நேர்நேரே நான்கு வரிசை, வைத்து அந்தச் சிக்குக் கோலம் பழகுகிறேன். சுற்றிவரும் கோடு பாதியிலேயே ஆரம்பித்த இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறது. மற்ற புள்ளிகள் அப்படியே நிற்கின்றன. அழித்து அழித்து நோட்டை மூடிவிடுகிறேன். எனக்குப் பொறுமை போய்விட்டதா? வேறு ஏதாவது பழகட்டுமா?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பொறுமைக்கு ஒரு குறையும் இல்லை. 4க்கு 4 நேர்ப்புள்ளியில் எல்லாப் புள்ளிக்கும் நடுவே கோடு வெட்டிப் போகும்படி போட்டால், அது ஒரே இழையில், அதாவது ஒரே தொடர் கோட்டில், முடியவே முடியாது. யார் போட்டாலும் நான்கு தனி இழைகள்தான் வரும்: நான்கு சாய்ந்த நீள்சதுரங்கள், ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். நீங்கள் முட்டிக்கொண்டதாக நினைத்த இடத்தில் முதல் இழை சரியாகவே முடிந்திருக்கிறது.

எத்தனை இழை வரும் என்பதைப் புள்ளி வைக்கும் முன்பே சொல்லிவிடலாம். பள்ளியில் படித்த மீப்பெரு பொதுக் காரணிதான் கணக்கு: இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண். 3க்கு 3 என்றால் மூன்று இழை. 4க்கு 6 என்றால் இரண்டு. 2க்கு 3, 3க்கு 4, 3க்கு 5, 4க்கு 5 இவற்றுக்கெல்லாம் பொதுக் காரணி 1. அதனால் ஒரே இழை. கோலத்துக்குள் இருக்கும் ஒழுங்கைக் கல்லூரிகளிலும் ஆராய்ந்திருக்கிறார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கணினிக்குப் படம் சொல்லித் தரும் இலக்கண விதிகளையும் கோலத்தையும் இணைத்து 1974இல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள்.

ஆகவே வேறெதுவும் பழக வேண்டாம். புள்ளியை மட்டும் மாற்றுங்கள். 2க்கு 3இல் ஆரம்பியுங்கள். மூன்று விரல் அகல இடைவெளியில், வரிசைக்கு மூன்றாக இரண்டு வரிசை. இடவலமாகவும் மேல்கீழாகவும் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடு மையத்தில், பென்சிலால் தொட்டது போல ஒரு சின்ன அடையாளம் வையுங்கள். மொத்தம் 7 அடையாளம் வரும். கோடு தன்னையே வெட்டும் இடங்கள் இவை மட்டும்தான். பிறகு இரண்டே விதி. அடையாளம் வந்தால் வளையாமல் சாய்வாக நேரே கடந்து போக வேண்டும். அப்பால் புள்ளி இல்லாத ஓரம் வந்தால், ஓரத்துப் புள்ளியை வெளிப்பக்கமாக அணைத்துத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு அடையாளத்தையும் கோடு இரண்டு முறை கடக்கும். 14 முறை கடந்து கிளம்பிய இடத்துக்கு வந்தால் கோலம் முடிந்தது. அதற்கு முன்பே வந்து முட்டினால், எங்கோ ஓர் அடையாளத்தில் நேரே போகாமல் வளைந்திருக்கிறீர்கள். பெரும்பாலும் அது மூலைப் புள்ளிக்கு அடுத்த அடையாளமாக இருக்கும். மூலையைச் சுற்றிய வேகத்தில் கை அடுத்த புள்ளியையும் சேர்த்துச் சுற்றப் பார்க்கும். அங்கே மட்டும் நிதானம் வேண்டும். 3க்கு 4 போடும்போது அடையாளம் 17.

இராத்திரிக்கு இது ஏற்றது என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடுத்த வளைவு எது என்று கண் முந்திப் பார்க்க வேண்டும், கை பின்னால் வர வேண்டும். நாளைய மருந்துச் சீட்டு இடையில் நுழைய வழியில்லை. அதைவிட முக்கியம், 3க்கு 4 கோலத்துக்கு ஒரு முடிவு உண்டு. போனில் விரலால் தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டே இருக்கிறது, இன்றைக்குப் போதும் என்று அது சொல்வதில்லை. அதனால் ஒரு இராத்திரிக்கு ஒரு கோலம், அவ்வளவுதான். போட்டதைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். பதில் வந்ததா என்று பார்க்கப் போய் மறுபடி போனில் உட்கார்ந்துவிடுவீர்கள்.

நோட்டு பழகுவதற்கு மட்டும். மாவில் போட்டால்தான் கைக்கு அந்தச் சுகம் கிடைக்கும். வாசல் இல்லாவிட்டால் பலகை இருக்கிறது. மரக்கடையில் 2 அடிக்கு 2 அடி ப்ளைவுட் துண்டு வாங்கி, ஓரத்தில் அரை அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து, கரும்பலகை பெயிண்ட் இரண்டு கோட் அடியுங்கள். முதல் கோட் ஓர் இரவு காய்ந்த பிறகே இரண்டாவது. முக்காலியில் வைத்துக்கொண்டால் முழங்கால் மடக்க வேண்டாம். வழவழப்பான டைல்ஸ் தரையில் மட்டும் மாவு வேண்டாம். உலர்ந்த மாவில் கால் வழுக்கும். இருட்டில் எழுந்து நடப்பவர்கள் இருக்கும் வீடு உங்களுடையது.

பலகையை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, ஈரத்தின் மினுமினுப்பு அடங்கியதும் ஆரம்பியுங்கள். மினுமினுப்பு இருக்கும்போதே போட்டால் கோடு ஊறிப் பரவும். ஒரேயடியாகக் காய்ந்துவிட்டால் மின்விசிறிக் காற்றுக்கே பறக்கும். வாசலுக்கென்றால் நான்கு பங்கு கோலப்பொடிக்கு ஒரு பங்கு பச்சரிசி மாவு கலக்கச் சொல்வேன். எறும்புக்கும் அணிலுக்கும் ஆகும். நோயாளி படுத்திருக்கும் வீட்டுக்குள் அரிசி மாவே வேண்டாம். எறும்பு படுக்கை வரை போய்விடும். வெறும் கோலப்பொடி போதும். அதையும் பால்கனியில் வைத்துச் சலியுங்கள், கல்மாவுத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பொடி நமுத்துக் கட்டி தட்டும். வெறும் வாணலியில் இளஞ்சூடாகப் புரட்டி, ஆறவைத்துச் சலித்தால் பழையபடி உதிரும்.

கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை. நடுவிரல் அடியில் தாங்கட்டும். கை பலகைக்கு ஓர் அங்குலம் மேலே. வளைவை மணிக்கட்டால் இழுத்தால் கோணும், முழங்கையிலிருந்து இழுத்தால் உருண்டு வரும். சிட்டிகை தீரும் இடத்தில் ஒரு சின்னக் குவியல் விழும், எல்லோருக்கும் விழும். அது வளைவின் நடுவில் விழுந்தால் கண்ணை உறுத்தும். அதனால் மாவு தீரப்போவது தெரிந்ததும் ஏதாவது ஒரு வெட்டில் நிறுத்தி, புதுச் சிட்டிகை எடுத்து அங்கிருந்தே தொடருங்கள். இரண்டு கோடு கடக்கும் இடத்தில் ஒட்டு தெரியாது.

உங்கள் 4க்கு 4ஐயும் விட்டுவிட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டில் நான்கு இழையையும் நான்கு கலர் பென்சிலில் போடுங்கள். இரண்டு கலர் வெட்டும் ஓர் இடத்தில் வெட்டை அழித்து, கோடுகளை முதுகோடு முதுகாக வளைத்து ஒன்றையொன்று தொடாமல் திருப்பிவிடுங்கள். அந்த இரண்டு இழையும் ஒன்றாகிவிடும். சேர்ந்த இழையை ஒரே கலரில் மறுபடி வரைந்து பார்த்து, அடுத்த இணைப்பு. மூன்று இணைப்பில் முழுக் கோலமும் ஒரே இழை. முதல் இணைப்பை எந்த வெட்டிலும் செய்யலாம். இரண்டாவதிலிருந்து கலர் பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஒரே கலர் தன்னையே வெட்டும் இடத்தில் கை வைத்தால், சேர்ந்தது மறுபடி பிரிந்துபோகலாம்.

பகலில் மாமியார் விழித்திருக்கும் நேரம் பலகையை அவர் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். சிக்குக் கோலம் அவர் கை என்கிறீர்கள். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். விரலைக் காட்டினாலும் போதும்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. ஒரு நோயாளியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் களைப்பைக் கோலம் தீர்க்காது. வாரத்தில் ஒரு நாளாவது வேறொருவர் உங்கள் இடத்தில் உட்கார வேண்டும். அதை வீட்டில் வாய்விட்டுக் கேளுங்கள். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து தூக்கமோ சாப்பாடோ இறங்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

குரோஷா நூலை மகளிடம் கொடுத்துவிடுங்கள், அவள் வருத்தப்பட மாட்டாள். 3க்கு 5 கைக்கு வந்ததும் எழுதுங்கள். மேல் வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவே கீழ்ப்புள்ளி விழும் சந்துப்புள்ளிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்.